புது டேட்டாபேஸுக்கு மாறும் முன் பள்ளிப் பேருந்துத் தரவைத் தயார் செய்வது எப்படி

சிங்கப்பூரில் பொழுது விடிய ஏறக்குறைய 7 மணி ஆகிவிடும். பள்ளிப் பேருந்துகள் அதற்கு வெகு முன்னதாகவே ஓட ஆரம்பித்துவிடும். காலை 6.10க்கு, இருட்டில், வீவக (அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்குக் கீழே தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளை பெரிய பையைச் சுமந்துகொண்டு நிற்கும். பக்கத்தில் அம்மாவோ தாத்தாவோ பணிப்பெண்ணோ இருப்பார்கள். அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது, எந்த வண்டி வரும், எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் நம் அலுவலகக் கணினியில் நாலைந்து வரிகளாக இருக்கின்றன. அந்த வரிகளில் ஒன்று பிசகினால் பிள்ளை நிற்கும் இடம் ஒன்று, வண்டி நிற்கும் இடம் இன்னொன்று.

பேருந்து நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பலருக்கு இப்படி ஒரு வேலை வந்து சேரும்: “சாஃப்ட்வேரைப் புது வெர்ஷனுக்கு மாத்தப் போறாங்க, டேட்டாபேஸும் மாறுது, நம்ம டேட்டாவைக் கிளீன் பண்ணிக் குடுத்துடுங்க.” எங்கிருந்து தொடங்குவது என்று யாரும் சொல்வதில்லை. நான் இந்த வேலையை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை நிறையத் தவறு நடந்தது. இரண்டாம் முறை சரியாக முடிந்ததற்கு அந்தத் தவறுகள்தான் காரணம் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மென்பொருள் நிறுவனத்தார் அட்டவணைகளை ஒழுங்காக மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், அது அவர்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் குறிப்புக் கட்டத்தில் யாரோ எப்போதோ தட்டிவைத்த ‘கிளினிக் பக்கம், கார் பார்க் வாசல்’ என்பதுதான் உண்மையான நிறுத்தம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அது ஓட்டுநருக்கும், பேருந்தில் உடன் செல்லும் ஆன்ட்டிக்கும், ஓரளவு உங்களுக்கும்தான் தெரியும். அதை வெளியே எடுத்துத் தனிக் கட்டத்தில் போடுவதுதான் இந்த வேலையில் பாதி.

முதலில் நாள் குறியுங்கள்

பள்ளி விடுமுறையில்தான் மாற்ற வேண்டும், சரி. எந்த விடுமுறை? மார்ச்சிலும் செப்டம்பரிலும் கிடைப்பது ஒரு வாரம். அது போதாது. ஆண்டிறுதி விடுமுறை நீளமாக இருப்பதால் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நேரத்தில்தான் அடுத்த ஆண்டின் தொடக்கநிலை ஒன்று பிள்ளைகளின் விண்ணப்பங்கள் குவியும், தடங்கள் எல்லாம் புதிதாகப் போடப்படும், தொடக்கநிலை ஆறு பிள்ளைகள் கிளம்பிப் போவார்கள். தரவே ஆடிக்கொண்டிருக்கும்போது டேட்டாபேஸையும் மாற்றினால், ஜனவரி முதல் வாரத்தில் வரும் பிழை பழையதா புதியதா என்றே கண்டுபிடிக்க முடியாது. ஜூன் மாத நான்கு வார விடுமுறைதான் சரியான நேரம். அரையாண்டு ஓடித் தேறிய தடங்கள் கையில் இருக்கும், ஒத்திகைக்கும் நாள் கிடைக்கும்.

நாள் குறித்ததும் ஒரு முடக்கத் தேதியும் வையுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு பழைய மென்பொருளில் யாரும் எதையும் திருத்தக் கூடாது. பெற்றோர் வீடு மாறியதாகச் சொன்னால் ஒரு தனித் தாளில் எழுதி வைத்துப் புது மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம்.

எண்ணி எழுதி வையுங்கள்

எதையும் தொடுவதற்கு முன் முழுத் தரவையும் நகல் எடுங்கள். எடுத்த நகலை இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை. அப்புறம் எண்ணுங்கள்: இப்போது பயணம் செய்யும் பிள்ளைகள் எத்தனை பேர், நிறுத்தங்கள் எத்தனை, காலைத் தடங்கள் எத்தனை, மாலைத் தடங்கள் எத்தனை, பள்ளிவாரியாக எத்தனை பேர். இந்த எண்களைத் தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். மாற்றம் முடிந்த பிறகு முதலில் ஒப்பிட வேண்டியது இந்தத் தாளைத்தான்.

எக்செல் செய்யும் கோளாறு

பெரும்பாலான நிறுவனங்களில் தரவைச் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுத்து எக்செலில்தான் திருத்துவார்கள். அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். திறந்த மாத்திரத்தில் எக்செல் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும். சேமித்தால் மாற்றம் நிலைத்துவிடும்.

நம் ஊர்த் தரவில் மூன்று இடங்களில் இது கடிக்கும். ஒன்று, அஞ்சல் குறியீடு. தஞ்சோங் பகார், தெலுக் பிளாங்காவின் ஒரு பகுதி, நகர மையம் ஆகியவற்றில் குறியீடு 0 என்ற எண்ணில் தொடங்குகிறது. எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் உள்ள சுழியத்தைத் தின்றுவிடும், 6 இலக்கம் 5 ஆகிவிடும். இரண்டு, வீட்டு எண். ‘#05-12’ என்று இருந்தால் தப்பித்தது. யாராவது # போடாமல் ‘05-12’ என்று தட்டியிருந்தால் அது டிசம்பர் 5 அல்லது மே 12 ஆகிவிடும். மூன்று, வரைபட ஆயத்தொலைவு, அதாவது ஓர் இடத்தைக் குறிக்கும் எண்கள். கட்டத்தில் இரண்டு தசம இடம் மட்டும் தெரியும்படி வைத்திருந்தால், சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது அந்த இரண்டு இடம்தான் மிஞ்சும். ஒரு டிகிரி என்பது நம் ஊரில் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். இரண்டு தசம இடம் என்றால் அரை கிலோமீட்டருக்கு மேலும் தள்ளிப் போகலாம். மூன்று இடம் வைத்தாலும் ஐம்பது மீட்டருக்கு மேல் தள்ளிப் போகலாம், அதாவது அடுத்த புளோக். ஐந்து இடமாவது இருக்க வேண்டும்.

எனவே எக்செலில் ‘டேட்டா’ பட்டியல் வழியாகக் கோப்பை உள்ளே இழுத்து, எல்லா நெடுவரிசைகளையும் ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துவிட்டுத் திறங்கள். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் காக்கும் முறை) வகையைத் தேர்ந்தெடுங்கள். குறிப்புக் கட்டங்களில் தமிழிலோ சீனத்திலோ எழுதியது வெறும் கேள்விக்குறிகளாக மாறாமல் இருக்க இதுதான் வழி.

முகவரியைச் சரிபார்ப்பது

1995 முதல் நம் அஞ்சல் குறியீடு 6 இலக்கம், கட்டடத்துக்குக் கட்டடம் வேறு. இது பெரிய வசதி. முதல் இரண்டு இலக்கம் வட்டாரத்தைச் சொல்லும்: தெம்பனிஸ் 52, செங்காங் 54, அங் மோ கியோ 56, உட்லண்ட்ஸ் 73, ஈசூன் 76, பொங்கோல் 82. வீவக புளோக்குகள் பலவற்றில் கடைசி மூன்று இலக்கம் புளோக் எண்ணாகவே இருக்கும். ஆங்கில எழுத்து சேர்ந்த புளோக் என்றால் மூன்றாம் இலக்கம் அந்த எழுத்தைக் காட்டும்: பொங்கோலில் 168ஏ புளோக்கின் குறியீடு 821168; ‘பி’ என்றால் அந்த இடத்தில் 2 வரும். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் ஒரு சின்னச் சூத்திரம் போட்டுப் புளோக் எண்ணையும் குறியீட்டையும் ஒப்பிட்டால் சந்தேகத்துக்குரிய வரிகள் மட்டும் தனியாக வந்து நிற்கும். அவற்றை மட்டும் கையால் பார்த்தால் போதும்.

புளோக் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், ஒரே எண் பல நகரங்களில் இருக்கும். சாலைப் பெயர்களிலும் கவனம் வேண்டும். சிராங்கூன் அவென்யூ 3 வேறு, சிராங்கூன் நார்த் அவென்யூ 3 வேறு. அவசரத்தில் ‘நார்த்’ விட்டுப்போனால் வண்டி அடுத்த பேட்டைக்குப் போய்விடும். சாலைப் பெயர்ச் சுருக்கங்களை ஒரே மாதிரி ஆக்குங்கள். ஒரே ஆள் ‘ஜாலான்’ (மலாயில் சாலை) என்று முழுதாகவும் சுருக்கியும் மாற்றி மாற்றி எழுதியிருப்பார், டேட்டாபேஸ் அதை இரண்டு சாலையாக எண்ணும்.

பிள்ளை நிற்கும் இடம் முகவரி அல்ல

இதைத்தான் நீங்கள் நிதானமாகச் செய்ய வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் விரைந்து போகலாம், இதில் முடியாது.

அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் மென்பொருள் வரைபடத்தில் ஒரு புள்ளியை வைக்கும். அந்தப் புள்ளி கட்டடத்தின் மீது விழும். வண்டி கட்டடத்தின் மீது நிற்க முடியாதல்லவா? எனவே மென்பொருள் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் உள்ள சாலையைத் தேடி அதில் நிறுத்தத்தைப் பொருத்தும். புளோக்கின் பின்பக்கம் விரைவுச்சாலை ஒட்டிப் போனால் நிறுத்தம் விரைவுச்சாலையில் விழும். முன்பக்கம் நடுத்திட்டு உள்ள பெரிய சாலை என்றால் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், வண்டிக் கதவும் இடப்பக்கம். நிறுத்தம் எதிர்ப்பக்கத்தில் விழுந்தால் பிள்ளை சாலையைக் கடக்க வேண்டும்.

முதல் முறை நான் இதைக் கவனிக்கவில்லை. மாற்றம் முடிந்த மூன்றாம் நாள், வழக்கமான ஓட்டுநர் விடுப்பில் போனார். மாற்று ஓட்டுநர் புதியவர், வண்டியில் உள்ள மென்பொருள் திரை சொன்ன இடத்தில் வண்டியை நிறுத்தினார். திரை சொன்னது சாலையின் எதிர்ப்பக்கம். தொடக்கநிலை இரண்டு பிள்ளை தன் வண்டியைப் பார்த்ததும் பாட்டியின் கையை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டது. வந்த கார் பிரேக் போட்டதால் ஒன்றும் ஆகவில்லை. அன்று காலை பிள்ளையின் அம்மா தொலைபேசியில் அழுதது இப்போதும் காதில் இருக்கிறது. பழைய மென்பொருளின் குறிப்புக் கட்டத்தில் ‘ஃபுட்பால் கோர்ட் பக்கம் மட்டும்’ என்று தெளிவாக எழுதியிருந்தது. குறிப்புக் கட்டத்தைப் புதியதற்கு மாற்ற வேண்டாம், குப்பையாக இருக்கிறது என்று சொன்னது நான்தான்.

இரண்டாம் முறை இப்படிச் செய்தேன். நிறுத்தங்களுக்கென்று தனி அட்டவணை போட்டேன். பிள்ளையின் வீட்டு முகவரி ஒரு கட்டம். ஏறும் இடம் வேறு கட்டம், அதற்கென்று தனி ஆயத்தொலைவு. ஒவ்வொரு தடத்தையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொண்டு ஓட்டுநர்களோடு கோப்பிக்கடையில் உட்கார்ந்தேன். காலைச் சவாரி முடிந்து 9 மணி வாக்கில்தான் அவர்களுக்கு ஓய்வு. ஒரு மூத்த ஓட்டுநர், அண்ணன் என்றுதான் எல்லோரும் அழைப்போம், தே ஓ (பால் இல்லாத தேநீர்) கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தாளில் விரலை வைத்தார். “இங்க நிறுத்த முடியாது தம்பி. காலையில குப்பை லாரி நிக்கும். நான் ரெண்டாவது லிஃப்ட் லாபி நேரா நிறுத்துவேன். மழை பெஞ்சா கூரை இருக்கு, பிள்ளைங்க நனையாது.” அந்த ஒரு தாளில் மட்டும் ஏழு திருத்தம் சொன்னார். எதுவும் கணினியில் இல்லை.

அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வரைபடத்தில் புள்ளியை நகர்த்துங்கள். சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் என்ற இணைய வரைபடம் இதற்கு நல்லது, அஞ்சல் குறியீட்டைக் கொண்டு தேடலாம். ஆனால் ஒன்மேப் இரண்டு வகை ஆயத்தொலைவு தருகிறது. எஸ்விஒய்21 என்பது நம் நாட்டுக்கென்று உள்ளது, மீட்டர் கணக்கில் பெரிய எண்களாக வரும். மற்றது உலகம் முழுவதும் ஜிபிஎஸ் பயன்படுத்தும் அகலாங்கு, நெட்டாங்கு. பெரும்பாலான வாகன மென்பொருள்கள் இரண்டாவதைத்தான் கேட்கும். இரண்டும் கலந்துவிட்டால் நிறுத்தங்கள் வரைபடத்தை விட்டே வெளியே போய்விடும். கண்டுபிடிப்பது சுலபம்: அகலாங்கு 1.2 முதல் 1.5க்குள்ளும் நெட்டாங்கு 103.6 முதல் 104.1க்குள்ளும் இல்லாத வரிகளை வடிகட்டிப் பாருங்கள். இரண்டும் இடம் மாறியிருந்தாலும் இதிலேயே பிடிபடும்.

தெங்கா போன்ற புது நகரங்களில் வரைபடம் பழையதாக இருந்தால் புளோக்கே தெரியாது. அங்கெல்லாம் ஓட்டுநரை நிறுத்தத்தில் நின்று கைப்பேசியில் இடத்தைக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள்.

குறிப்புக் கட்டத்தை உடைப்பது

எங்கள் குறிப்புக் கட்டத்தில் இருந்தவை நான்கு வகை: நிற்கும் இடம், பிள்ளையை யார் கையில் ஒப்படைப்பது, உடல்நலம், இணைப்பாட (வகுப்புக்கு வெளியே பள்ளியில் நடக்கும் விளையாட்டு, கலை போன்ற நடவடிக்கைகள்) நாள்கள். நான்குக்கும் தனிக் கட்டம் வேண்டும்.

ஒப்படைப்பை ‘ஆம்/இல்லை’ கட்டமாக வையுங்கள்: பெரியவர் வந்து வாங்கிக்கொண்டால்தான் இறக்க வேண்டுமா? இங்கே ஒரு சின்ன விஷயம் உயிர் காக்கும். கட்டம் காலியாக இருந்தால் புது மென்பொருள் அதை என்னவாக எடுத்துக்கொள்ளும் என்று கேளுங்கள். காலி என்றால் ‘இல்லை’ என்று பல மென்பொருள்கள் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் தகவல் விட்டுப்போன ஆறு வயதுப் பிள்ளை தனியாக இறக்கிவிடப்படும். காலி என்றால் ‘ஆம்’ என்று வைக்கச் சொல்லுங்கள்.

இணைப்பாட நாள்கள், மாணவர் பராமரிப்பு நிலையம் இரண்டும் மாலைச் சவாரியை மாற்றும். திங்கள், புதன் பராமரிப்பு நிலையம் உள்ள புளோக். மற்ற நாள்களில் பாட்டி வீடு. வியாழன் இணைப்பாடம், தாமதமான வண்டி. எனவே ஒரு பிள்ளைக்கு ஒரு வரி போதாது. நாளுக்கு ஒன்று, போக வர இரண்டு என்று வாரத்துக்குப் பத்து வரி போடுங்கள். வேலை அதிகம்தான், ஆனால் ‘பிள்ளை எங்கே?’ என்று மாலை 3 மணிக்கு வரும் அழைப்புக்கு உடனே பதில் சொல்லலாம்.

பெயர்கள், இரட்டையர், நேரம்

பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சீனர்களுக்குக் குடும்பப்பெயர் முன்னால் வரும். மலாய்க்காரர்களுக்கு ‘பின்’, ‘பிந்தே’. நமக்கு ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’, எல்லாமே இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதுதான். பிரித்தால் அப்பா பெயரில் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். பள்ளிப் பதிவில் உள்ள முழுப் பெயர் ஒரு கட்டம், பேருந்தில் கூப்பிடும் பெயர் இன்னொரு கட்டம், அவ்வளவுதான். முழுப் பெயர்க் கட்டத்தின் நீளத்தையும் கேட்டுவையுங்கள். நம் பெயர்கள் 30 எழுத்தில் அடங்காது.

இரட்டைப் பதிவுகளை நீக்கும் கருவியைத் தானாக ஓட விடாதீர்கள். ஒரே முகவரி, ஒரே தொலைபேசி, ஒரே பிறந்த தேதி, ஒரே அப்பா பெயர் என்று பார்த்து அது இரட்டைப் பிள்ளைகளை ஒருவராக்கிவிடும். பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள்.

புது டேட்டாபேஸ் நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறதா என்று கேளுங்கள். நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். திங்கள் காலை 6.15 சவாரி அங்கே ஞாயிறு இரவு 10.15 ஆகப் பதியும். அறிக்கையில் ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடியதாகவும் வெள்ளிக்கிழமை காலைச் சவாரி ஓடாததாகவும் வந்தால் காரணம் இதுதான். ஏறும் நேரத்தை உள்ளூர் நேரமாகவே வைக்கச் சொல்லுங்கள்.

தேவையில்லாததை எடுத்துச் செல்லாதீர்கள்

பழைய கோப்புகளில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எண் இருக்கும். குடிமக்களுக்கு அதுதான் பின்னாளில் அடையாள அட்டை எண். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஆளை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்தத் தேவைப்பட்டாலோ தவிர நிறுவனங்கள் இந்த எண்களைச் சேகரிக்கக் கூடாது. பேருந்துச் சேவைக்கு அது வேண்டியதில்லை. சொந்தமாக ஒரு பயணி எண் கொடுத்துவிட்டு அந்த நெடுவரிசையையே விட்டுவிடுங்கள். பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் விவரத்தையும் கணக்கு வழக்குக்குத் தேவையான காலம் தாண்டிச் சுமக்க வேண்டாம்.

மென்பொருள் நிறுவனத்துக்குச் சோதனைக்காகக் கோப்பு அனுப்பும்போது பெயரையும் தொலைபேசியையும் மாற்றிவிட்டு அனுப்புங்கள். உண்மைக் கோப்பைக் கடவுச்சொல் போட்டு மட்டும் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தரவு கசிந்தால், அறிவிக்க வேண்டிய கசிவுதான் என்று தெரிந்த 3 நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். நாலைந்து பள்ளிகளுக்கு வண்டி ஓட்டும் நிறுவனத்திடம் அத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்.

ஒத்திகை

முதலில் ஒரு பள்ளியின் தரவை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டிய தாளோடு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். தடம் இல்லாத நிறுத்தம், நிறுத்தம் இல்லாத பிள்ளை, பள்ளி இல்லாத தடம் ஆகிய மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். பிறகு இரண்டு ஓட்டுநர்களிடம் புதுத் திரையைக் கொடுத்து விடுமுறையிலேயே காலி வண்டியில் தடத்தை ஓடவிடுங்கள். அந்தத் தடம் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர். தெரிந்தவர் தன் பழக்கத்தில் போய்விடுவார், தரவில் உள்ள ஓட்டை தெரியாதவரிடம்தான் வெளிப்படும். உடன் செல்லும் ஆன்ட்டியையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஜூன் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளன்று, ஒவ்வொரு வண்டியிலும் பழைய தரவிலிருந்து அச்சடித்து ஓட்டுநர் திருத்திய பட்டியல் ஒன்று இருக்கட்டும். திரையும் தாளும் முரண்பட்டால் தாளைப் பின்பற்றச் சொல்லிவிடுங்கள். நீங்கள் 5.30க்கெல்லாம் அலுவலகத்தில் இருங்கள். முதல் அழைப்பு 6 மணிக்கு முன்பே வரும். யார் பேசினாலும் முதலில் கேட்க வேண்டியது, “பிள்ளை இப்போ உங்க பக்கத்துல இருக்கா?” என்பதுதான்.